முட்கம்பியில் ஏறிய குறிஞ்சா

அந்தத் தாளை நான் படித்திருக்கக் கூடாது என்று என் கணவர் கண் மூடும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். படித்ததில் ஒரு பிழையும் இல்லை என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வழக்கில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் கடைசி வரை தீர்ப்பு வரவில்லை. அவருக்கு அது பதினொரு நாள் ஆமிக் காம்ப். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

அந்தக் காலத்தில் நான் இலைக்கஞ்சி விற்றேன். வீடு சாம்பல்தீவில். காலை பஸ்ஸில் கஞ்சிப் பானையோடு ஏறி, திருகோணமலைத் துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வாகை மரத்தின் கீழ் இறக்குவேன். கப்பலிலிருந்து மூட்டை பறித்து இறக்குகிறவர்களும் எழுத்து வேலைக்காரரும் வரிசையில் நின்று குடிப்பார்கள். கஞ்சிக்கு வேண்டிய இலைக்கு நான் எங்கேயும் அலைந்ததில்லை. முசுட்டை, முல்லை, குறிஞ்சா எல்லாம் எங்கள் வேலியிலேயே ஏறி நின்றன. குறிஞ்சா காட்டுக்கொடி. எவரும் நடுவதில்லை, தானாக வரும், தானாக ஏறும். இலை நன்றாகக் கைக்கும். அந்தக் கைப்புக்காகத்தான் என் கஞ்சியைத் தேடி வந்தார்கள். கைக்கிற வாயைக் கண்டால் காய்ச்சல் பயப்படும் என்று மூட்டை பறிக்கிற கிழவர் ஒருவர் சொல்வார். மனிதர்கள் இப்படி ஏதாவது சொன்னால் எனக்குப் போதும், நாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன்.

எனக்குப் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. மிச்சம் எல்லாம் கடையில் மல்லியும் மிளகாய்த்தூளும் சுற்றித் தருகிற சரைத் தாளில் படித்தது. தூளைப் போத்தலில் கொட்டிவிட்டுத் தாளை நீவி விரித்து, தும்மித் தும்மிப் படிப்பேன். அப்படி ஒரு நாள் கையில் வந்த பழைய பேப்பர்த் துண்டுதான் இந்தக் கதைக்குக் காரணம்.

உலகத்தில் எண்ணெயும் நிலக்கரியும் எரிகிற புகையால் காற்றில் காபனீரொட்சைட்டு என்ற வாயு கூடிக்கொண்டே போகிறதாம். செடி கொடிகளுக்கு அதுதான் சாப்பாடாம். சாப்பாடு கூடினால் அவை கொழுக்குமாம். மரத்தைவிடக் கொடி முந்திக்கொள்ளுமாம், ஏனென்றால் கொடிக்குத் தண்டைத் தடிக்க வைக்கிற செலவு இல்லை, கிடைத்ததை எல்லாம் நீளத்திலும் இலையிலும் போட்டுவிடும். பூவும் விதையும்கூடப் பெருகுமாம். இவ்வளவும் எழுதி, "ஆனால் இலையிலுள்ள சத்து" என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மிச்சம் வேறு எவர் வீட்டுக்கோ மிளகாய்த்தூளைச் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேலியடியில் போய் நின்றேன். நாங்கள் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி இரண்டு மாரி போயிருந்தது. வந்த நாளிலிருந்தே என் கண்ணில் ஒன்று பட்டுக்கொண்டிருந்தது, அதற்குப் பெயர் வைக்கத் தெரியாமல் இருந்தேன். முன்பு என் உள்ளங்கைக்குள் அடங்கிய குறிஞ்சா இலை இப்போது விரலைத் தாண்டி நின்றது. முன்பு காயைத் தேடிப் பார்க்க வேண்டும். இப்போது கணுவுக்குக் கணு இரட்டை இரட்டையாக, ஆட்டுக்கடாவின் கொம்புபோல நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு காயை உடைத்து விதையை எண்ணப் பார்த்தேன். குறிஞ்சா விதைக்குப் பட்டுப் போலப் பஞ்சு இருக்கும். எண்ணி முடிப்பதற்கு முன் காற்று கொண்டுபோய்விட்டது.

கிழிந்து போன பாதியையும் என் நாக்கே ஒரு மாதிரிச் சொல்லித் தந்தது. துறைமுகத்தில் அந்தக் கிழவர் கொஞ்ச நாளாகவே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். கைப்புக் குறைஞ்சு போச்சு பிள்ளை, தண்ணியைக் கூட்டிறீரோ என்று கேட்டார். நான் தண்ணீரைக் கூட்டவில்லை. இலையைத்தான் கூட்டினேன். ஒரு பிடி போட்ட பானைக்கு ஒன்றரைப் பிடி போட்டும் பழைய கைப்பு வரவில்லை. இலை பெரிது, உள்ளே சரக்கு இல்லை. ஒரு சுண்டு அரிசிக்கு ஒரு குடம் தண்ணீர் வார்த்த கஞ்சிபோல, கொடி தன்னைத் தானே ஐதாக்கிக்கொண்டு வளர்ந்தது.

இப்படி ஒன்று தெரிய வந்தால் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அளந்து பார்க்க ஆசை வந்தது. அளவுநாடா இல்லை. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொடியின் நுனி எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக் கம்பில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டினேன். ஒரு கிழமைக்குச் சிவப்பு, அடுத்த கிழமைக்கு மஞ்சள், அதற்கடுத்ததற்கு நீலம், குழம்பாமல் இருக்க. என் கணவர் வயலால் வந்து சைக்கிளை வேலியில் சாத்தும்போது பார்த்தார். அவர் அளந்து பேசுகிற மனிதர்.

"இஞ்சாரும், வேலிக்கு ஏன் தாலி கட்டிறீர்?"

நான் காற்று, புகை, காபனீரொட்சைட்டு என்று தொடங்கினேன். சோறு ஆறுது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது. ஆமிக்காரர் காலையும் மாலையும் ரோந்து போகிற வீதி அது. அந்த வீதிக்கரை வேலியில் வரிசையாக வர்ணத் துணி கட்டி வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று எந்தச் சரைத் தாளும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஊரில் வேறு எவளும் அதைச் செய்திருக்க மாட்டாள்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, நான் வெறும் பானையோடு பஸ்ஸால் இறங்கியபோது வேலியடி கிண்டிக் கிடந்தது. முழங்கால் ஆழத்துக்குக் குழிகள். பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டதும் ஓடி வந்தா. நடந்ததை அவ சொல்லித்தான் அறிந்தேன்.

ரோந்து வந்தவர்கள் துணியைக் கண்டு நின்றிருக்கிறார்கள். இதைக் கட்டியது யார் என்று கேட்டிருக்கிறார்கள். என் கணவர், நான்தான் என்று சொல்லியிருக்கிறார். எதற்கு என்று கேட்க, கொடி எவ்வளவு வளருது என்று பார்க்க என்றிருக்கிறார். அது உண்மைதான், ஆனால் உண்மை சில வாயிலிருந்து வரும்போது பொய்யைவிட மோசமாக இருக்கும். கொடியை அளக்கிறவன் அதற்கு என்ன போடுகிறான் என்று கேட்டு வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். குசினியில் நான் இலை உலர்த்த விரித்து வைத்திருந்த யூரியாச் சாக்கைக் கண்டிருக்கிறார்கள்.

யூரியாவில் குண்டு செய்யலாம் என்பதால் அந்த நாளில் வயலுக்கு ஒரு சாக்கு வாங்குவதற்கே ஊர் அலுவலரான விதானையாரின் கடிதம் வேண்டும், காம்பின் முத்திரை வேண்டும். அந்த மாரிக்கு அவர் அப்படி அலைந்து ஒரு சாக்கு வாங்கி, முழுவதையும் நெல்லுக்குப் போட்டு முடித்திருந்தார். வெறும் சாக்கை நான்தான் கழுவி எடுத்தேன். வந்தவர்கள் வேறு மாதிரிக் கணக்குப் போட்டார்கள். சாக்கு இருக்கிறது, யூரியா இல்லை. வேலியோ இருட்டுப் பச்சையாகக் கொழுத்து நிற்கிறது. அப்படியென்றால் யூரியாவை வேலியடியில் தாட்டு வைத்திருக்கிறான். அது கசிந்துதான் கொடி இப்படி வளருகிறது. துணி கட்டியது தாட்ட இடத்துக்கு அடையாளம். கிண்டினார்கள். வேரைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராத கோபத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நுணலும் தன் வாயால கெடும் எண்டுவினம்," என்று அக்கா சொன்னா. "உன்ர வாயால அவரெல்லோ கெட்டுப் போனார்."

எனக்குச் சொற்கள் பிடிக்கும் என்று சொன்னேனே. அன்றைக்கு அந்தச் சொல்லை விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சந்தியில் ஒரு பழைய நெல் ஆலையைப் பிடித்துக் காம்ப் போட்டிருந்தார்கள். அந்த வாசலால் உள்ளே போய்த் திரும்பி வராதவர்களின் பெண்சாதிமாரில் மூன்று பேர் எங்கள் வீதியிலேயே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனேன். சென்றியில் காவல் நின்றவன் நாளைக்கு என்றான். திங்கட்கிழமை போனேன். அன்றைக்கும் நாளைக்குத்தான். அங்கிருந்து நேரே பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போனேன்.

என்னிடம் கஞ்சி குடிக்கிறவர்களில் ஒரு முஸ்லிம் நானா இருந்தார். கிண்ணியாவிலிருந்து படகில் கடந்து வந்து, கப்பலால் இறங்குகிற மூட்டைகளைக் கணக்கெடுக்கிற வேலை. சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"வாறன் தங்கச்சி. ஆனா ஒண்டு, நீங்க தமிழில ஏசுறதை நான் சிங்களத்தில ஏச மாட்டன். எனக்கும் வீட்டில நாலு பிள்ளைகள் இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அவருடைய சிங்களத்துக்கு வாசல் திறந்தது. அதிகாரி வெளியிலேயே ஒரு மேசை போட்டுக் கதிரையில் இருந்தார். என் தம்பியை விட வயது குறைவாக இருக்கும். நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த முட்கம்பி வேலியைப் பார்த்தேன். கம்பி தெரியவில்லை. அடியிலிருந்து முடி வரைக்கும் குறிஞ்சா. எங்கள் வேலியில் நின்ற அதே இருட்டுப் பச்சை, அதே அகல இலை, அதே கொம்புக் காய்கள். மூன்று நாளாக அந்த வாசலில் நின்றும் பயத்தில் என் கண் அதைக் காணவில்லை.

"இந்த ஐயாட்டக் கேளுங்கோ நானா. அந்தக் கம்பியில ஏறி நிக்கிறதுக்கு யூரியா போட்டது ஆர்?"

நானா என் முகத்தைப் பார்த்தார். "இதை இப்பிடியே சொல்லவா?"

"இப்பிடியே சொல்லுங்கோ."

அவர் சொன்னார். எனக்கும் துறைமுகத்தில் பொறுக்கிய கொஞ்சச் சிங்களம் தெரியும். நான் கொடுத்த அறையை அவர் விண்ணப்பமாக மாற்றி, இரண்டு கையாலும் நீட்டுவது விளங்கியது. ஆனாலும் அதிகாரி திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருவன் சிரித்து, உடனே நிறுத்தினான்.

வாய் திறந்துவிட்டது, இனி மூடாது. எல்லாவற்றையும் சொன்னேன். தாளைச் சொன்னேன், புகையைச் சொன்னேன், கொடி காற்றைத் தின்று கொழுப்பதைச் சொன்னேன், கஞ்சியில் கைப்புக் குறைந்ததைச் சொன்னேன், துணியைக் கட்டினது நான்தான், என்னைப் பிடியுங்கோ என்றும் சொன்னேன். நானா சிங்களத்தில் இரண்டு வரி சொல்லி நிறுத்தினார்.

"நான் இவ்வளவு சொன்னன். நீங்கள் இரண்டு சொல்லில முடிச்சிட்டீங்கள்."

"மிச்சத்தை விழுங்கிட்டன் புள்ள. எனக்குச் சமிக்கும்."

காற்று கொடிக்குச் சோறு போடுகிறது என்றது அதிகாரிக்கு நல்ல பகிடியாக இருந்திருக்க வேண்டும். நம்பாவிட்டால் அந்தக் கம்பியிலேயே ஒரு துணியைக் கட்டிப் பாருங்கோ, யூரியா இல்லாமலே எவ்வளவு வளரும் என்று தெரியும் என்றேன். அதை நானா முழுவதுமாகச் சொன்னார். அதிகாரி எழுந்தார். மருந்துப் பெட்டியிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவரச் சொல்லி, நுனி நின்ற இடத்தில் தன் கையாலேயே கட்டினார். பிறகு முழங்கையைத் துணியில் வைத்து நடுவிரலை நீட்டிக் காட்டினார். அடுத்த செவ்வாய்க்குள் இவ்வளவு வளர்ந்தால் ஆளை விடுகிறேன். வளராவிட்டால் யூரியா எங்கே என்று அவன் சொல்லத்தான் வேண்டும்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஊரில் சொல்வார்கள், உருப்படாத சாட்சிக்கு. எனக்கு ஓணான்கூடக் கிடைக்கவில்லை. ஒரு மனிதனின் உயிரை ஒரு கொடியின் நுனியில் கட்டிவிட்டு அந்த அதிகாரி தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த ஏழு நாளும் நான் கஞ்சி காய்ச்சவில்லை. காலையில் எழும்பிச் சந்திக்குப் போவேன். சென்றிக்காரன் நிற்க விடமாட்டான். நடந்துகொண்டே பார்ப்பேன், திரும்பி நடந்துகொண்டே பார்ப்பேன். மழை விட்டுப் போயிருந்தது. பனிதான் விழுந்தது. இந்த ஈரம் போதுமோ என்று மண்ணை எட்டி எட்டிப் பார்ப்பேன். வளர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன். கைப்பைத் தின்ற காற்று என்று ஊரெல்லாம் குறை சொன்னவள், இப்போது அந்தக் காற்றையே இன்னும் கொஞ்சம் ஊட்டு என்று கெஞ்சினேன். அதை நினைக்கத்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

எங்கள் ஊரில் அந்த நாளில் என்ன எரிந்தது? மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் அளந்து தந்தார்கள். கரண்ட் இருந்தாலும் இருந்தது, இல்லாவிட்டாலும் இல்லை. வாகனம் என்றால் சைக்கிள். என் அடுப்புக்குச் சுள்ளி. அந்தத் தாளில் எழுதியிருந்த புகையில் எங்கள் பங்கு எவ்வளவு இருந்திருக்கும்? எங்கேயோ வெளிச்சத்தில் இருக்கிறவர்கள், ஒரு முழம் போவதற்கும் கார் ஏறுகிறவர்கள், தங்கள் புகையைக் காற்றில் விட்டார்கள். அது கடல் தாண்டி, பாஸ் கேட்காமல், சென்றியில் இறங்காமல் எங்கள் வேலிக்கு வந்து சேர்ந்தது. வந்ததற்கு விளக்கம் சொல்லச் சொல்லி என் புருசனைக் கட்டி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போனபோது காம்ப் வேலியில் கத்திச் சத்தம் கேட்டது. ஐந்தாறு ஆமிக்காரர் கம்பியைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார்கள். கொடியை இழுத்து இழுத்து வெட்டினார்கள். சாட்சியை வெட்டுகிறார்கள் என்று ஓடினேன். கிட்டப் போன பிறகுதான் கண்டேன். தலை நரைத்த ஒரு கோப்ரல், வெள்ளைத் துணி கட்டிய கொடியை மட்டும் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பக்கத்துக் கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். இலையைத் தொட்டு, அங்குண என்றார். அவர்கள் ஊரில் குறிஞ்சாவுக்கு அதுதான் பெயர். தங்கள் ஊரிலும் குளக்கட்டு முழுக்க இதுதான், அதுவும் இப்போது முன்னையைவிடக் கூட என்று சிங்களத்தில் சொன்னார். கையைக் குவித்து வாயில் வைத்துச் சாப்பிடுகிற மாதிரிக் காட்டினார். பிறகு முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டினார், பழைய ருசி இல்லை என்பதுபோல. எனக்கு விளங்கியது. உலகத்தில் நான் சொன்னதை முதலில் நம்பிய ஆள் அவர்தான்.

நல்ல மனிதர். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு கொடி பிழைப்பதற்கே ஒரு நல்ல மனிதர் தற்செயலாக அங்கே நிற்க வேண்டியிருந்தது என்றால், உள்ளே இருந்த என் மனிதரை என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை நானா மறுபடி வந்தார். அதிகாரி துணியில் முழங்கையை வைத்தார். நடுவிரலைத் தாண்டி நாலு விரல் அகலத்துக்குக் கொடி நின்றது. புது நுனி காற்றில் ஆடி அவருடைய மணிக்கட்டைத் தொட்டது. கோப்ரல் பக்கத்தில் வந்து நின்று, சேர், எங்கட ஊரிலும் இப்படித்தான், ஒருவரும் உரம் போடுவதில்லை என்றார். அதிகாரி உள்ளே பார்த்துக் கையைக் காட்டினார்.

என் கணவர் வந்தார். கால் வீங்கிச் செருப்புக்குள் போகாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். செருப்பை அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே என்ன செய்தார்கள் என்பதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

நாங்கள் திரும்பும்போது அதிகாரி நானாவைக் கூப்பிட்டு நீளமாக ஏதோ சொன்னார். நானா அதைச் சொல்லாமல் நின்றார். என்னவாம் என்று கேட்டேன்.

"இதை மட்டும் விழுங்க ஏலாது தங்கச்சி," என்றார்.

ஒரு கிழமையில் இவ்வளவு வளருமென்றால் ஒரு மாதத்தில் ஓர் ஆள் மறைந்து நிற்கலாம். அதனால் வீதியின் இரண்டு கரையிலும் எல்லா வேலியிலும் உள்ள கொடியை ஞாயிற்றுக்கிழமைக்குள் வெட்ட வேண்டும். முழங்காலுக்கு மேல் ஒன்றும் நிற்கக் கூடாது. வெட்டியதைச் சந்திக்கு இழுத்து வந்து எரிக்க வேண்டும். வெட்டாத வீட்டுக்காரரை என்ன செய்வதென்று தங்களுக்குத் தெரியும்.

கொடி வேகமாக வளரும் என்று நிரூபித்தவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கத்தியோடு நின்றது. அந்த இலையில் கஞ்சி காய்ச்சியவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. இலை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிற நாலைந்து பெண்களுக்கு அதுதான் அடுப்பு. பக்கத்து வீட்டு அக்காவும் அதில் ஒருத்தி. தன் வேலிக் கொடியை ஒரே இழுவையில் இழுத்து என் காலடியில் போட்டா.

"உன்ர மனிசன் வந்திட்டார். எங்கட வேலி போச்சுது. நல்ல சாட்சிதான் வைச்சாய்."

நான் குனிந்து அதை எடுத்து என் குவியலோடு சேர்த்தேன். என் கணவர் வீங்கின காலோடு கதிரையில் இருந்துகொண்டே எட்டுகிற கொடியை வெட்டினார். வெட்டின இடத்தில் சாறு கசிந்து கை எல்லாம் ஒட்டியது.

பிறகு எல்லோருமாகச் சந்திக்கு இழுத்துக்கொண்டு போனோம். மாசி வெயிலில் காய்கள் முற்றிக் காய்ந்திருந்தன. தார் வீதியில் இழுபட இழுபட ஒவ்வொன்றாக வெடித்தன. வாடைக் காற்று பஞ்சைத் தூக்கியது. ஆயிரம் கொடியின் விதையும் ஒரே காலையில் எழும்பி எங்கள் தலைக்கு மேலால், வயலுக்கும் வளவுக்கும் காம்புக்கும் போனது. அதிகாரி தன் சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட இன்னும் பறந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு குவியலுக்கு நெருப்பு வைத்தார்கள். பச்சைக் கொடி எரியாமல் புகைந்தது. அந்தப் புகையும் மேலேதான் போனது.

கனகாலத்துக்குப் பிறகு ஒரு விவசாய அலுவலரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காற்றின் வேலை மெதுவானது அம்மா, இரண்டு மூன்று வருசத்தில் கண்ணால் காண முடியாது என்றார். நீங்கள் அகதியாகப் போன காலத்தில் வெட்ட ஆள் இல்லை, தின்ன ஆடு இல்லை, அந்த மாரியும் நல்ல மாரி, அதனால் கொடி கொழுத்திருக்கும் என்றார். இருக்கலாம். ஊரில் ஆடு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லைத்தான். ஆனால் கிழிந்து போன பாதித் தாளில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டதற்கு, என் நாக்குச் சொன்னதையே சொன்னார்: அந்த வாயு கூடக் கூட இலை பெருக்கும், சத்து ஐதாகும். அப்படியென்றால் நான் முழுப் பிழை இல்லை. அவர் ஏதோ ஆறுதல் சொல்வதுபோல மெதுவாகத்தான் நடக்கும் என்று மறுபடியும் சொன்னார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. மெதுவாக வருகிறவனுக்குத்தான் ஒருவரும் வாசலை மறிப்பதில்லை.

அடுத்த மாரி தொடங்கி மூன்றாம் கிழமை, வீதிக்கரை முழுக்கக் குறிஞ்சாக் கன்று. முன்பு வேலியில் மட்டும் நின்றது இப்போது வரம்பிலும் மதகடியிலும் கோயில் கிணற்றுக் கட்டிலும் நின்றது. வெட்டின அடிகளும் இரட்டிப்பாகத் துளிர்த்தன. காம்பிலிருந்து மறுபடி கட்டளை வந்தது. இனி மாதத்தில் முதல் ஞாயிறு கொடி வெட்டு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வேலிக்குத் தாங்களே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். விதானையார் கடுதாசிக் கட்டோடு வீடு வீடாக வந்தார். என் கணவர் அவரைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்விட்டார். நான் கடுதாசியை இரண்டு தரம் படித்தேன்.

"வேலி எங்கட. சரி," என்றேன். "காத்து ஆரின்ர?"

விதானையார் பேனையின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இதில ஒரு கையெழுத்தை வையுங்கோ பிள்ளை. இன்னும் முப்பது வீடு கிடக்கு."

வைத்தேன்.